கூரை போட்ட வரிசை

ஆடிச் செவ்வாய், காலை ஏழேகால். கருங்குழியில் ஜிஎஸ்டி ரோட்டு நிறுத்தத்தில் நானும் என் மகள் யாழினியும் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். போகிற இடம் ஈசிஆரில் கடலோரமாக இருக்கும் ஒரு தீம் பார்க். பெயர் சொல்லப் போவதில்லை. அந்த ரோட்டில் அந்த மாதிரி இடங்கள் பல இருக்கின்றன, எங்களுக்கு நடந்தது எதில் வேண்டுமானாலும் நடந்திருக்கும். ஸ்கூல் நாளில் பதினோரு வயதுப் பெண்ணை யூனிஃபார்ம் இல்லாமல் பார்த்த பூக்காரம்மா, கோயிலுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பார்க்குக்கு என்றால் இன்னும் நாலு கேள்வி வரும்.

அன்றைக்கு அது இரண்டாவது பொய். முதல் பொய்யை அதிகாலையிலேயே எங்கள் சூப்பர்வைசரிடம் போனில் சொல்லியாயிற்று, காய்ச்சல் என்று. செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். ஆடித் தள்ளுபடி நேரத்தில் அங்கே லீவு கேட்பதும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை லீவு கேட்பதும் ஒன்று. மனுஷன் முனகிக்கொண்டே போனை வைத்தார்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போகிற காலம் மே மாதம்தானே, ஆடியில் யார் போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இப்போது போகிற கொஞ்சம் பேரும் ஆடியில்தான் போகிறார்கள். இல்லாவிட்டால் மழை விட்ட பிறகு மார்கழி, தையில். இது எனக்கு என் வீட்டுக்காரர் வேலு சொல்லித் தெரியும். டூரிஸ்ட் வேன் ஓட்டினவர். மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் பக்கத்துக் குடும்பங்களை முழுப்பரீட்சை லீவில் பார்க்குக்கு ஏற்றிப்போவதுதான் அவருக்குப் பெரிய சீசன். இப்போது வேன் ஓட்டுவதில்லை. அதே டிராவல்ஸில் போன் எடுக்கிறார். வெயில் இறங்கட்டும் அண்ணா, அப்புறம் பார்க்கலாம் என்று ஒருத்தர். சாயங்கால டிக்கெட் மட்டும் கிடைக்குமா என்று ஒருத்தர். பையன் வரமாட்டேன் என்கிறான், வீட்டில் ஏசி போட்டு போன் பார்த்தால் போதுமாம், புக்கிங்கை கேன்சல் பண்ணுங்கள் என்று இன்னொருத்தர். அத்தனைக்கும் சரிங்க, சரிங்க என்றுதான் சொல்லுவார்.

அவர் ஏன் ஓட்டுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் சவாரி போயும் அந்தப் பார்க்கின் கேட்டை அவர் தாண்டியதில்லை. பார்க்கிங்கில் எந்த மரத்தடியில் மதியம் வரைக்கும் நிழல் நிற்கும் என்பது மட்டும் தெரியும். போன வருஷம் மே மாதம்தான் முதல்முறையாக எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தார். யாழினி அப்போதுதான் உயரம் பார்க்கிற அளவுக்கோட்டைத் தாண்டியிருந்தாள், பெரிய ரைடுகளில் ஏறலாம். அவளுக்கு டவர் ரைடு வேண்டும். ஆட்களை உட்காரவைத்து உச்சிக்குக் கொண்டுபோய்த் தொப்பென்று விடுகிறார்களே, அது. வரிசையோ பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது. இரும்புக் கம்பித் தடுப்பு, மேலே ஒன்றும் கிடையாது. "நீ லைன்ல நில்லுப்பா, நம்ம டர்ன் வந்ததும் கூப்புடு" என்று இவள் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே போய் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் ஐஸ்கிரீம் கடை நிழலில் உட்கார்ந்தோம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிருக்கும். கத்துகிற சத்தம் கேட்டது. ரைடில் ஏறினவர்கள்தான் கத்துகிறார்கள் என்று இருந்துவிட்டோம். யாழினி அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள். அடுத்து நம்ம டர்ன்தான்மா என்றாள். சத்தம் வந்தது வரிசையிலிருந்து.

ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் விழுந்து கிடந்தார்; உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. என்னைப் பார்த்து யாரும்மா நீ என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் ஹீட் ஸ்ட்ரோக் என்றார்கள். உயிர் தங்கியது. ஆனால் நடை தள்ளாடுகிறது, கை நடுங்குகிறது. ஸ்டியரிங் பிடிக்க முடியாது. வெயிலில் நிற்கவே கூடாது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவருடைய அக்கா, பிள்ளை காதுபட, இந்தப் பொண்ணு அடம்புடிச்சுத்தானே எந்தம்பிக்கு இந்த கதி என்றாளே, அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. அவள் வாயில் மண்ணு விழ.

அன்றிலிருந்து யாழினி எதுவும் கேட்பதில்லை. தீபாவளிக்கு என்ன துணி வேண்டும் என்றால், இருக்கறதே போதும்மா. பிறந்தநாளுக்கு என்றால், ஒண்ணும் வேணாம்மா. தங்கமான பிள்ளை என்று ஊரே மெச்சுகிறது. எனக்குத்தான் அந்த மெச்சல் பிடிக்கவில்லை. இந்த ஆடியில் வேலுதான் பேச்சை எடுத்தார். "ஒரு தபா போய் ஏறிட்டு வா கண்ணு. நான் நின்ன லைனு வீணாப் போவக் கூடாது" என்று சிரித்தார். சரிப்பா என்றாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் அந்த ரைடில் ஏறி, மற்ற பிள்ளைகள் மாதிரி வாய்விட்டுக் கத்த வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

செங்கல்பட்டுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லை. பாலாற்றில் மணல்தான் ஓடியது. பஸ் ஸ்டாண்டில் கடை ஆள் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். காய்ச்சல்காரி வேஷம் பொருத்தமாகத்தான் இருந்தது. எட்டரைக்கு மாமல்லபுரம் பஸ் வந்தது.

திருக்கழுக்குன்றத்தில், அணுமின் ஊழியர் குடியிருப்பான அணுபுரத்துப் பெண் ஒருத்தி இரண்டு பையன்களோடு ஏறி, எங்கள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். அவர்களும் அதே பார்க்குக்குத்தான். ஸ்கூலுக்கு வயிற்றுவலி என்று லெட்டர் கொடுத்திருக்கிறாளாம். எனக்குக் காய்ச்சல், இவர்களுக்கு வயிற்றுவலி. நாட்டில் பாதி நோய் இப்படித்தான் வருகிறது போல. முன்பெல்லாம் மே மாதத்தில் அவர்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஆறு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துப் போவார்களாம். இரண்டு வருஷமாக அது நின்றுவிட்டது. ஒரு வீட்டில் பிள்ளை கோச்சிங் சேர்ந்துவிட்டான், ஒரு வீட்டில் செலவு கட்டுப்படியாகவில்லை, மிச்சப் பேருக்கு வெயில் பயம். "புள்ளைங்கள வெயில்ல கொண்டுபோய் சுட்டு எடுக்கவா? போன வருஷம் ஒரு ஆளு லைன்லயே வுழுந்துட்டாராமே" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யாழினி அந்தச் சின்னப் பையனின் ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதைக் காட்டி, குனிந்து கட்டிவிட்டாள்.

மாமல்லபுரத்தில் இறங்கி ஈசிஆர் பஸ் மாறினோம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டும்போது கடல் தெரிந்தது. வானம் மூடியிருந்ததால் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் கிடந்தது. யாழினி போன் கேட்டாள். சந்தோஷமாகக் கொடுத்தேன், கேம் விளையாடப் போகிறாள் என்று. அப்பாவைக் கூப்பிட்டு, மாத்திரை போட்டாச்சா, ஆபீஸுக்குக் குடை எடுத்துட்டுப் போனியா என்று விசாரித்தாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை நான் போனைப் பிடுங்கிப் பையில் போட்டேன். "நீ புள்ளையா, அவருக்கு ஆத்தாளாடி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

பத்தரைக்குப் பார்க் வாசல். டிக்கெட் தலைக்குத் தொள்ளாயிரம், மே மாதத்தில் இதுவே ஆயிரத்து இருநூறு. அளவுக்கோட்டைத் தாண்டிய பிள்ளை என்பதால் யாழினிக்கும் பெரியவர் டிக்கெட்தான். பார்க்கிங்கில் மூன்றே வேன் நின்றன. மரத்தடிகள் காலி. உள்ளே பாட்டு மட்டும் பெரிய கூட்டத்துக்குப் போடுகிற சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குளத்தில் ஏழெட்டுப் பேர். ஐஸ்கிரீம் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அணுபுரத்துப் பையன்கள் குளத்தைப் பார்த்து ஓடினார்கள், அம்மாக்காரி பின்னால் ஓடினாள். யாழினி எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக டவர் ரைடுக்கு நடந்தாள், ரேஷன் கடைக்குப் போகிற மாதிரி.

வரிசைக்குக் கூரை போட்டிருந்தார்கள். நீளத்துக்கும் வெள்ளைத் தகரம். அங்கங்கே பனி மாதிரி தண்ணீர் தெளிக்கிற மின்விசிறி, மோர் பானை, மூலையில் ஒரு பெஞ்சு. எல்லாம் இருந்தது, நிற்க ஆளில்லை. வெயிலும் இல்லை. யாழினி கம்பித் தடுப்புக்குள் போய், நேர்வழி திறந்திருந்தும் அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவாகச் சுற்றிப் போனாள். ஓரிடத்தில் நின்றாள். எந்த இடம் என்று எனக்கும் தெரியும்.

வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பெண் எங்களிடம் வந்தாள். நெம்மேலிக் குப்பத்துக்காரி, பெயர் தேசம்மா என்றாள். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார், இவள் இங்கே ஷிப்ட். கூட்டமில்லாத நாளில் பேச ஆள் கிடைத்தால் விடுவாளா? மோரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"இந்தக் கூரை புச்சும்மா. போன வருசம் ஒருத்தரு இங்கதான் சாஞ்சிட்டாரு. அதுக்கப்பறம்தான் போட்டாங்கோ. இப்ப பாரு, கூரை கீது, ஜனம்தான் இல்ல."

"அது எங்கப்பா" என்றாள் யாழினி.

தேசம்மா மோர் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "இப்போ எப்டி கீறாரு கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நல்லாருக்காரு. வண்டி மட்டும் ஓட்ட முடியாது." யாழினி தலையை நிமிர்த்தித் தகரத்தைப் பார்த்தாள். "இத முன்னாடியே போட்டிருக்கலாம்ல?"

தேசம்மாவா பாவம், கூரை போடுகிறவள்? டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ உள்ளே ஒரு ஆசை எழுந்தது. பிள்ளை அழட்டும், கோபப்படட்டும், இந்தக் கம்பியை உதைக்கட்டும். அத்தை சொன்ன சொல் அவள் மனசிலிருந்து இறங்கி அந்தத் தகரத்தின்மேல் போய் உட்காரட்டும். "உம் மேல ஒரு தப்பும் இல்லடி" என்றேன். ஓராண்டாகச் சொல்கிற வார்த்தைதான். தெரியும்மா என்றாள். எப்போதும் சொல்கிற பதில்தான்.

ரைடில் அவளும் காலேஜ் பையன்கள் நாலு பேரும் மட்டும். எனக்குத் தலைசுற்றல் உண்டு, கீழேயே நின்றேன். பெல்ட் மாட்டினார்கள். மேலே ஏறியது. உச்சியில் கொஞ்சம் நின்றது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கத்துடி, கத்துடி என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். தொப்பென்று விட்டார்கள். பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அதில் பெண்குரல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இறங்கி வரும்போதுதான் அவள் முகம் தெரிந்தது. கண்ணையும் வாயையும் இறுக மூடியிருந்தாள், ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி.

இன்னொரு தபா ஏறிக்கோ கண்ணு, யாரும் கேக்க மாட்டாங்கோ என்றாள் தேசம்மா. வேணாம்க்கா என்று பெல்ட் பட்ட இடத்தில் சட்டையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தாள். "ஏறிட்டேம்மா. அப்பாகிட்ட ஜாலியா இருந்துச்சுன்னு சொல்லு. போலாமா?"

பதினொன்றே கால்தான் ஆகியிருந்தது. தண்ணீர்க் குளம் இருக்கிறது, படகு இருக்கிறது, தொள்ளாயிரம் ரூபாய் முழுநாள் டிக்கெட் இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னேன். நீ வேணா போம்மா, நான் உக்காந்திருக்கேன் என்றாள். இரண்டு பேரும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினோம். வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதியில்லை என்பதால் எலுமிச்சை சாதத்தை பஸ் நிறுத்தத்தில் வைத்துத்தான் சாப்பிட்டோம். தூறல் போட்டது. தேசம்மா கேட் வரைக்கும் வந்து, அவரை ஒரு நாள் கூட்டிகினு வாங்க என்று சொல்லிவிட்டுப் போனது மட்டும் மனசில் நின்றது.

திரும்பும் வழியில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூங்கும்போது மட்டும் பதினோரு வயதுப் பிள்ளையாக இருந்தாள். கருங்குழி வந்து இறங்கும்போது நாலு மணி. மழை வரும் என்று வேலு ஆபீஸிலிருந்து சீக்கிரமே வீட்டுக்கு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஆபீஸ் போனை மடியில் வைத்துக்கொண்டு.

ஏறினியா என்றுதான் முதலில் கேட்டார். ஏறினேம்ப்பா, சூப்பரா இருந்துச்சு என்றாள். மேலேர்ந்து கடல் தெரிஞ்சுதா என்றார். தெரிஞ்சுதுப்பா, அப்படியே நீலமா இருந்துச்சு என்றாள். கத்தினியா என்றார். தொண்டையே கட்டிக்கிச்சுப்பா என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அன்றைக்கு என்னுடைய மூன்றாவது பொய். அவருடைய நடுங்குகிற கை அவள் தலையைத் தடவியது.

"தை மாசம் வெயிலே இருக்காது கண்ணு. மூணு பேரும் போலாம், நானும் வரேன்."

"வேணாம்ப்பா. எனக்கு அந்த வயசெல்லாம் தாண்டிடுச்சு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பதினோரு வயசுல கெழவி மாதிரி பேசுது பாரு என்று என்னிடம் காட்டினார். நான் உள்ளே போய், கொண்டுபோன மாற்றுத்துணியைப் பையிலிருந்து எடுத்தேன். ஒரு சொட்டு நனையவில்லை. மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்தேன். வாசலில் ஆபீஸ் போன் அடித்தது. யாரோ பார்க்குக்கு எப்போது போகலாம் என்று கேட்கிறார்கள் போல.

"மே மாசம் வேணாம் சார், இப்பவே போயிட்டு வந்துடுங்க" என்று வேலு சொல்லிக்கொண்டிருந்தார். "வெயிலும் இல்ல, கும்பலும் இல்ல. எம் பொண்ணு இன்னிக்குத்தான் போயிட்டு வந்தா சார். தொண்ட கட்டுற அளவுக்குக் கத்தியிருக்கா."