கரப்பான் பாட்டுக்கு ஒரு பன்றி

சினாலே எழுதிய தேவாலயப் பாட்டுகள் எல்லாம் எனோசாவின் கையில்தான் செத்தன. தீவின் தலைநகரான ஆப்பியாவைத் தாண்டி, கடலோரத்து ஊரில் பாடகர் குழுவை நடத்துகிறவர் எனோசா. "மெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா கர்த்தருக்கு இது கொஞ்சம் துள்ளல்மா" என்பார், கர்த்தரே நேரில் வந்து புகார் கொடுத்துவிட்டுப் போனதுபோல.

அவள் வேலை படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பது. கணவன் பௌலோவுக்கு டாக்சி. எனோசா "பார்க்கலாம்" என்று சொன்ன அன்று பௌலோ ஒரு கோழி அடித்தான். "வேண்டாம்" என்ற அன்றும் அடித்தான்.

"வேணாம்னதுக்கு எதுக்குய்யா விருந்து?"

"இந்தத் தடவை காரணம் சொல்லி வேணாங்கிறாருல்ல? முன்னேற்றந்தானே!"

அந்த வருஷம் ஒரு கடைக்காரர் வானொலி விளம்பரத்துக்குப் பாட்டு கேட்டார். சரக்கு, கரப்பான்பூச்சி மருந்து. எனோசா தள்ளிவிட்ட பாட்டொன்றை எடுத்து, கர்த்தர் இருந்த இடத்தில் கரப்பானை உட்கார்த்தினாள் சினாலே. 'கரப்பானே வா, கடைசி இராப்போஜனம் காத்திருக்கு!' கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முதன்முதலாக அது ஒலித்தபோது பௌலோ சவாரியில் இருந்தான். வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி, பின்னால் இருந்தவரையும் முழுசாகக் கேட்கவைத்தான். வீட்டுக்கு வந்ததும் நேரே பன்றியைப் பிடிக்கப் போனான்.

"பூச்சி மருந்துக்குப் பன்னியா? ஊரே சிரிக்கும்யா!"

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு சாப்பிட வருவாங்க."

வந்தார்கள். மொறுமொறுவென்ற தோலைக் கடித்தபடி நாத்தனார் ஃபெத்து கேட்டாள்: "அடுத்தது எலிக்கா, மூட்டைப்பூச்சிக்கா அண்ணி?"

"மூட்டைப்பூச்சிக்குத்தான். உன் பேரைப் போட்டுடறேன்."

சிரித்துப் பேசினாளே தவிர, உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஊரே வெள்ளை உடுத்திக் கோயிலில் உட்கார்ந்திருந்தது. போதகர் வேதாகமத்தைத் திறந்தார். அடியிலிருந்து கொழுத்த கரப்பான் ஒன்று வெளியே வந்து, பிரசங்க மேடையின் விளிம்பில் மாப்பிள்ளை நடை நடந்தது. போதகர் பேச்சை நிறுத்தினார்.

ஆண்கள் வரிசையில் யாரோ அடித்தொண்டையில் அந்த மெட்டை முனகினார்கள். பெண்கள் மேல் சுரத்தில் ஏறிப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் சொல்லித்தராமலே குரல்கள் நான்காகப் பிரிந்து, பின்னி, ஓடு அதிர எழும்பின. வார்த்தை ஒன்றுகூட இல்லை. தன் வீட்டு ஓட்டைக் கீபோர்டிலும் வானொலியிலும் மட்டுமே அவள் கேட்டிருந்த மெட்டு அது. போதகர் மேடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குழுவை முறைக்கத் திரும்பிய எனோசாவின் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் சினாலேவை மறித்தார் எனோசா.

"ரெண்டாவது வரியில ஆம்பளைங்க தடுமாறுறாங்க. புதன்கிழமை ஒத்திகைக்குக் கொண்டு வா. பழைய வார்த்தையோட."

"துள்ளலா இருக்குன்னீங்களே, வாத்தியாரே?"

"இப்பவும் துள்ளத்தான் செய்யுது. எல்லாப் பயலும் பாடிட்டான், நான் என்ன பண்ண?"

புதன்கிழமை போனாள். எனோசா இரண்டு இடத்தில் கைவைத்தார். ஒன்றை விட்டுக்கொடுத்தாள். மற்றதற்கு அவர் காது சிவக்கும்வரை சண்டை போட்டாள். அடுத்த மாதம் அந்தப் பாட்டைக் கோயிலில் பாடினார்கள், அந்த ஒரு இடம் தவிர அவள் எழுதியபடியே. பின்வரிசையில் ரெண்டு பேர் மட்டும் கர்த்தரை மறந்து கரப்பானைக் கூப்பிட்டுவிட்டார்கள்.