கார்டுக்குச் சொன்ன பொய்கள்

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் டீச்சராக இருந்தேன். பொய் சொல்லும் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது என் வழக்கம். அப்படிப்பட்ட என்னை, லீவுக்கு வந்த மகள் லேப்டாப் முன்னால் உட்கார வைத்து மூன்று பொய் எழுதச் சொன்னாள்.

எனக்குக் கிரெடிட் கார்டு வந்த புதிது அது. கணக்கை ஆன்லைனில் திறக்கும்போது பாஸ்வேர்டு மறந்துவிட்டால் கேட்பதற்கு மூன்று கேள்விகளும் பதில்களும் கொடுத்துவைக்க வேண்டுமாம். பிறந்த ஊர், சின்ன வயதில் வளர்த்த பிராணி, பிடித்த சாப்பாடு. நான் உண்மையை அடிக்க ஆரம்பித்ததும் மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நீங்க எங்க பொறந்தீங்கன்னு எஸ்டேட்டுல எல்லாருக்கும் தெரியும். பொய்யா எதையாவது போடுங்க. எங்கயும் எழுதி வைக்காதீங்க."

என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் நல்லேப்பிள்ளி என்ற ஊர்க்காரி. தினமும் அவள் ஊர் வயலைப் பற்றித்தான் பேச்சு. நான் அந்தப் பக்கமே போனதில்லை என்பதால் அதையே பிறந்த ஊராக்கினேன். வளர்த்தது ஆடுதான், ஆனால் யானை என்று போட்டேன். தோட்டத்துக்குள் அது வந்து போவதால் முழுப் பொய் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாவதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாராவாரம் வீட்டில் சொல்லிப் பழகிய பொய் ஒன்று கைவசம் இருந்தது.

என் கணவர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். எனக்கு இரண்டு வருடம் முன்பே ரிட்டயர் ஆகி, சமையல் கற்றுக்கொண்டார். இத்தனை வருடம் சோறு போட்டது ஏலக்காய்தான் என்று எல்லாவற்றிலும் அதைத் தட்டிப் போடுவார். குடம்புளி போட்ட மத்தி மீன் குழம்பையும் விடவில்லை. முதல் நாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே குழம்பு, அதே பாராட்டு.

நானும் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கீழே வாடகை வீட்டுக்கு வந்தோம். பேங்க் மாற்றி அனுப்பும் புது கார்டு பழைய விலாசத்துக்குப் போய்விடக் கூடாதே என்று விலாசம் மாற்ற உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு மறந்திருந்தது. பிறந்த ஊர் என்று கேட்டதும் விரல் தானாக உண்மையை அடித்தது. மூன்று தடவையும் அதே கதை. கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

கஸ்டமர் கேருக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. இந்த வீட்டில் அடுக்களை ஜன்னலில் மட்டும்தான் ரேஞ்ச் கிடைக்கும். அன்று வெள்ளிக்கிழமை, அவர் அடுப்படியில் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்தேன். மலையாளத்தில் பேச ஆரம்பித்த பெண், என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். மூன்றில் இரண்டு பதிலாவது சரியாக இருக்க வேண்டும் என்றாள்.

பிறந்த ஊர் கேட்டாள். பதற்றத்தில் வாய் மறுபடியும் சாந்தன்பாறை என்றது. பொருந்தவில்லை என்றாள். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதெப்படிம்மா பொருந்தாம இருக்கும்? இவங்க அப்பா அங்க கங்காணியா இருந்தாரு. பொறந்த லயத்து வீட்டையே காட்டுதேன், வா."

அவரைக் கையமர்த்திவிட்டு, வளர்த்த பிராணிக்கு யானை என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். யானையா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகு சரி என்றாள். கணவர் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார்.

அடுத்தது பிடித்த சாப்பாடு. பதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் யானைக்குப் பிறகு அதைச் சொன்னால் மனுஷன் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவாரே என்று பயமாக இருந்தது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து அவரே போன் பக்கம் குனிந்தார்.

"ஏலக்காய் மீன் குழம்பு. நான் வைக்கிறது."

சரியான பதில்தான் என்றாள் அந்தப் பெண். மீன் குழம்பில் ஏலக்காய் போடுவார்களா என்றும் கேட்டாள். அவர் பக்குவம் சொல்லி முடித்த பிறகுதான் விலாசம் மாறியது.

போனை வைத்ததும் அவர் கேட்டார். "ஏன் டீச்சர், நீ எப்ப யானை வளர்த்த?"

மகள் சொல்லித்தந்ததைச் சொன்னேன்.

"அப்ப மூணும் பொய்யா?"

நான் போனைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அடுப்பை அணைத்தார்.

சண்டை எதுவும் போடவில்லை. அடுத்த வாரம் முழுக்க அவரே கஸ்டமர் கேர் ஆனார். காலையில் பால் விடாத கட்டன்சாயாவை நீட்டிக்கொண்டே ஒரு கேள்வி. கல்யாண நாளுக்கு வாங்கித் தந்த பச்சைப் புடவை எப்படி? கண் கூசும் என்றேன். அவருடைய அக்கா வந்து ஒரு மாதம் தங்கியது? இரண்டு வாரம் போதும் என்று இருந்தது என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார். சொல்லச் சொல்ல எனக்கும் லேசாகத்தான் இருந்தது. தைரியம் வந்து நானும் ஒன்று கேட்டேன். வீட்டிலும் நான் டீச்சர் மாதிரியே பேசுகிறேனா என்று. பேசும்போது கைகட்டத் தோன்றும் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீன்காரர் ஹார்ன் அடித்ததும் மத்தி வாங்கி, ஏலக்காய் இல்லாமல் குழம்பு வைத்தார். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவர் இரண்டு கவளம் தின்றுவிட்டு எழுந்துபோய், ஒரு ஏலக்காயைத் தட்டித் தன் தட்டில் மட்டும் தூவிக்கொண்டார். புது கார்டும் அந்த வாரமே சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் பாட்டுக்குழுவுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"கொயர்ல நான் பாடுறது எப்படி டீச்சர்?"

பாட்டு முடிந்த பிறகும் அவர் குரல் மட்டும் ஒரு அடி தனியாக நடந்து வரும். மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

"நல்லாப் பாடுறீங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிராக்டிஸுக்குப் போனார்.