வலது பெட்டியில் தூதார்

முதலில் ஆம்ப்ளிஃபையரின் ஒலித் திருகைக் கீழே இறக்குகிறார் சத்தோர். பிறகு, மகள் நிகினா ரஷ்யாவிலிருந்து அனுப்பிய கட்டைவிரல் அளவு பிளேயரின் ஒலியை முக்கால் பங்குக்கு ஏற்றுகிறார். முழுதாக ஏற்றினால் பாட்டு கரகரக்கும். குறைத்து வைத்தால் ஸ்பீக்கர் பெட்டி வெறுமனே இரையும். அதன் பிறகுதான் வயர். அதன் ஒற்றை முனை பிளேயரின் இயர்போன் துளைக்குள் போகிறது. மறுமுனை இரண்டாகப் பிரிந்து, வலப்பக்கத்துக்குச் சிவப்பு பின், இடப்பக்கத்துக்கு வெள்ளை பின். சுவரோரம் கையை நுழைத்து, கண்ணால் பார்க்காமலே சிவப்பைத் துளையில் இறுக்குகிறார். வரப்போவது வேறு யாருடைய பாட்டாக இருந்தாலும் அடுத்து வெள்ளையும் உள்ளே போகும். பாடகர் ஒலிமின் பாட்டு என்றால் மட்டும் வெள்ளை பின் ஆம்ப்ளிஃபையரின் முதுகுக்குப் பின்னால் சும்மா தொங்கும்.

குஜந்த் நகரச் சந்தையை ஒட்டிய அவருடைய தேநீர்க்கடையில் இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது என்பது சத்தோரின் எண்ணம். வாசல் பக்கத்து இடது பெட்டிக்கு ஏதோ நோய் என்றே எல்லாரும் நம்புகிறார்கள்.

"சத்தோர் அகா, இந்தப் பொட்டிக்கு என்ன, பக்கவாதமா?" என்பார் டயர் வியாபாரி இர்காஷ். "மத்த பாட்டுக்கெல்லாம் ஊரே அதிர்ற மாதிரி கத்துது. ஒலிம் பாட்டுன்னா மட்டும் தொண்டை கட்டிக்குது!"

"ஒலிமோட குரலைத் தாங்குற பொட்டிய இன்னும் எவனும் செய்யலப்பா. நீ டீயக் குடி, ஆறுது."

அவர் தேநீரை அவசரப்பட்டு யாருக்கும் ஊற்றமாட்டார். கிண்ணத்தில் ஊற்றி, அதைத் திரும்பக் கூஜாவில் கவிழ்த்து, மும்முறை அப்படிச் செய்த பிறகே கொடுப்பார். பேச்சிலும் அதே நிதானம். ஒலிமின் பெயர் வந்தால் மட்டும் இரண்டாம் முறையோடு நிறுத்திவிடுவார்.

ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்தே கல்யாணங்களுக்குப் போனவர்கள். ஒலிம் பாடுவார், பக்கத்தில் அமர்ந்து இரண்டு தந்தித் தூதாரை சத்தோர் மீட்டுவார். அப்போது பதிவு செய்த பாட்டுகள்தாம் இன்றும் சந்தை முழுக்க ஒலிப்பவை. பதிவு செய்தவன் குரலை இடப்பக்கமும் தூதாரை வலப்பக்கமுமாகப் பிரித்து வைத்துவிட்டான். குறுந்தட்டின் அட்டையில் ஒலிமின் படம் மட்டும் வந்தது. பிறகு ஒலிம் தலைநகருக்குப் போனார். போகும்போது வேறொரு தூதார்காரனை உடன் அழைத்துக்கொண்டார்.

அதைக்கூட சத்தோர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது அவருடைய சொந்தக் கல்யாணத்தில் நடந்தது. மாப்பிள்ளை வாத்தியத்தைத் தொடக்கூடாது என்பதால் அன்று யாரோ ஒருவன் ஒலிமுக்கு வாசித்தான், தப்பும் தவறுமாக. முக்காட்டுக்குள் மணப்பெண் மவ்லுதாவின் தலை மெல்ல ஆடியதை சத்தோர் பக்கத்திலிருந்து பார்த்தார். அந்த வாசிப்புக்கு எந்தத் தலையும் ஆடியிருக்காது. அப்படியானால் ஆடியது எதற்கு? இன்றுவரை அவர் மனைவியிடம் கேட்டதில்லை. மவ்லுதாவும் கணவரின் தூதாரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொன்னதில்லை.

ஆகவேதான் இந்த ஏற்பாடு. வெள்ளை பின் தொங்கும்போது ஒலிமின் குரல், அடுத்த வீட்டில் யாரோ இருமுவதுபோல எங்கோ தேய்ந்து கேட்கும். வலது பெட்டியிலிருந்து தூதார் மட்டும் எழுந்து வரும். வலது பெட்டியை சத்தோர் சமையலறைத் திரைக்கு நேர் எதிரே வைத்திருக்கிறார். திரைக்குப் பின்னால் மவ்லுதா சம்பூசாவுக்கு, அந்த ஊர்ச் சமோசாவுக்கு, மாவு தேய்ப்பாள். தூதார் ஒலிக்கத் தொடங்கியதும் சத்தோர் கூஜாவைத் துடைக்கிற சாக்கில் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார், அங்கிருந்து ஒரு வார்த்தை வராதா என்று.

சென்ற வியாழன் சந்தை நாள். கடையில் உட்கார இடமில்லை. சத்தோர் சிவப்பை இறுக்கினார், வெள்ளையை விட்டார். தூதார் எழுந்தது. பருத்தி வியாபாரிகள் இருவர் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் தொடையில் விரலால் தாளம் போட்டார். சத்தோரின் முதுகு நிமிர்ந்தது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. மவ்லுதா பாடினாள். ஒரு சொல் பிசகவில்லை. ஒலிம் எங்கே இழுப்பாரோ அங்கே இழுத்தாள்; எங்கே குரலை உடைப்பாரோ அங்கே உடைத்தாள்.

"அடேங்கப்பா, அண்ணிக்கு முழுப் பாட்டும் மனப்பாடம்!" இர்காஷ் கைதட்டினார். "ஒலிம் இங்கதான்யா ஒளிஞ்சிருக்கான்!"

சத்தோர் திரையை விலக்கினார். "என்ன இது, கடை நெறைய ஆளுங்க இருக்கயில?"

மவ்லுதா மாவுக் கையோடு நிமிர்ந்தாள். "நீங்கதான் பாதிய அவுத்து விட்டுட்டுப் போடுறீங்களே, நிகினா அப்பா. மீதிய யாரு பாடுறது?"

"நான் அவுத்து விட்டேனா?"

"அந்த மெஷினுக்குப் பின்னாடி தூசி தட்டுறது யாருன்னு நெனச்சீங்க?" அவள் சிரித்தாள். பிறகு கட்டையை உருட்டியபடி, "தள்ளுங்க, அந்த எடம் வருது. மூச்சே விடாம இழுப்பாரு பாருங்க, அந்த எடம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய தலை மெல்ல ஆடியது.

சத்தோர் திரும்பி நடந்தார். சுவரோரம் கையை நுழைத்தார். திருகை இறக்காமலே வெள்ளை பின்னைத் துளையில் குத்தினார். இடது பெட்டி டம்மென்று அதிர்ந்து, ஒலிமின் குரல் கடை முழுக்கப் பாய்ந்தது.

"பொட்டிக்கு உசுரு வந்துருச்சுடோய்!" என்றார் இர்காஷ்.

திரைக்குப் பின்னால் மவ்லுதாவின் குரல் இன்னும் கேட்டது. சத்தோர் திருகைப் பிடித்து ஒலிமை ஏற்றினார். அப்போதும் அவள் குரல் மெலிதாகக் கேட்டது. கிண்ணங்கள் தட்டில் நடுங்க, இர்காஷ் காதைப் பொத்திக்கொள்ள, அவர் மேலும் ஏற்றினார். பிறகு அவள் குரல் அமுங்கிவிட்டதா என்று திரைப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு திருகு திருகினார்.