என் மகளின் இலேசான பை

என் மகள் மீது எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் மீது பெற்றவளே பொறாமைப்படுவாளா என்று கேட்பவர்கள், அவளுடைய மலையேறும் பையை ஒரு தடவை தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலைத் திறந்தால் முதலில் தேயிலை, அதற்கு மேலே காடு, காட்டுக்கு மேலே மலை. நான் பிறந்தது இதே தோட்டத்தில். கட்டிக்கொடுத்ததும் இதே தோட்டத்தில்தான், இரண்டு லயம் தள்ளி. புத்தி தெரிந்த நாளிலிருந்து அந்த மலையைப் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்க்கிறேன். ஏறியதில்லை. தேயிலை முடிகிற இடத்தில் எங்கள் வேலையும் முடிந்துவிடும், அதற்கு மேலே போக எங்களுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. வேலை இல்லாமல் சும்மாவே மனிதர்கள் மலை ஏறுவார்கள் என்பது, சுற்றுலாக்காரர்களுக்காகத் தோட்டத்தில் திறந்த டீக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எங்கெங்கிருந்தோ வரும் பெண்கள் பையோடு வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டு அந்தக் காட்டுக்குள் போவார்கள். மேசை துடைக்கும்போது அவர்களுடைய பைகளை நகர்த்தியிருக்கிறேன். ஒரு கையால் தூக்கலாம். இவ்வளவு பெரிய பைக்குள் என்னதான் வைத்திருக்கிறார்கள், பஞ்சா என்று தோன்றும்.

அந்த மலைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் என் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே ஒரு இரவு தங்க வேண்டும். கூடவே டீச்சர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இன்னொன்றும் போட்டார். பெண்பிள்ளைகளுக்குத் துணையாக ஒருவர் வரலாம், அம்மாவோ வீட்டுப் பெண்கள் யாராவதோ, பிள்ளையிடம் பெயரைச் சொல்லி அனுப்புங்கள் என்று.

அதைப் படித்தபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். போக வேண்டும். அப்போதே முடிவாகிவிட்டது. ஆனால் நானாக எப்படிக் கேட்பது? இந்த வயதில் இவளுக்கு மலையேற ஆசையாம் என்று லயமே சிரிக்கும். மகள் என் பெயரைக் கொடுப்பாள், 'எனக்கு எதுக்கு இதெல்லாம்' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை சரி என்று சொல்லலாம் என்று திட்டம் போட்டு வைத்தேன்.

டீச்சர் சொன்ன முதல் விதியே என்னைக் கிளப்பிவிட்டது. பிள்ளையை முதலில் நிறுக்க வேண்டுமாம். அவள் உடம்பு எடையில் ஒரு சிறு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாதாம். வளர்கிற எலும்பாம், முதுகு கெட்டுவிடுமாம்.

எனக்கும் ஒரு காலத்தில் பதின்மூன்று வயது இருந்தது. பள்ளி விடுமுறையில் அம்மா கத்தரியால் வெட்டிப் போடும் கொழுந்தைக் கூடையில் அமுக்கி, முதுகில் ஏற்றி, நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டு போவது என் வேலை. மழைநாள் என்றால் கொழுந்து தண்ணீர் சொட்டும். கணக்கெழுதும் கிராணி தராசைப் பார்த்து, கூடைக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் கூலிக்கு எழுதுவார். அவர் கழித்தது காகிதத்தில். என் முதுகில் கூடையும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. அந்தத் தராசில் எத்தனை நாள் கொழுந்து ஏறியிருக்கும்! ஒரு நாளாவது யாராவது என்னை அதில் ஏற்றி, இந்தப் பிள்ளை எவ்வளவு தூக்கலாம் என்று பார்த்தார்களா? மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "ஆமா, பெரிய மகாராணி" என்று மட்டும் சொன்னேன்.

சாமான் வாங்கப் பிரிஞ்சாங் டவுனுக்குப் போனோம். முதல் கடையிலேயே எங்களுக்குத் தலை சுற்றியது. கனமாக, கெட்டியாக, வருஷக்கணக்கில் உழைக்கும் என்று நாங்கள் எடுத்துப் பார்ப்பதெல்லாம் மலிவு. ஊதினால் பறந்துவிடும் போல இருப்பதற்கெல்லாம் யானை விலை.

"கொறச்சலா சாமான் வச்சு, கூட காசு வாங்குறான் லா" என்றார் என் கணவர். அவர் தோட்டத்தில் கங்காணி. எடை குறைந்ததற்கு விலை கூடும் என்பதை அவரால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வெளிநாட்டுப் பழைய உடுப்புகளை மூட்டை மூட்டையாக இறக்கி விற்கும் பண்டல் கடையில்தான் கடைசியில் எல்லாம் கிடைத்தன. யாரோ ஒருத்தி இரண்டு தடவை மாட்டிவிட்டு அலுத்துப் போட்ட பை. இரவில் உள்ளே புகுந்து படுத்துக்கொள்ள ஒரு தூக்கப்பை, கையில் சுருட்டினால் ஒரு முட்டைக்கோசு அளவுக்கு அடங்கும். நான் பருத்தி டீசட்டை எடுத்தேன்.

"வேணாம்மா, நனைஞ்சா காயவே காயாது, அப்புறம் கனக்கும்" என்றாள் மகள்.

கம்பளிப் போர்வை எடுத்தேன்.

"அது மட்டுமே பேக்குல பாதி வந்துரும்மா."

எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தலை எடுத்தபோது அவள் சிரித்தேவிட்டாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடி எடை பார்த்தாள். தனக்கு எது கனம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது, அதை எல்லோரும் கேட்கவும் செய்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் இரண்டே நாளில் எனக்கே அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. துண்டைப் பாதியாக வெட்டினேன். சோப்பை மூன்றாக அறுத்தேன். மைலோ டப்பாவை விட்டுவிட்டுத் தூளை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டினேன். குடை வேண்டாம், மழைச்சட்டை போதும், அதையே இரவில் தரையில் விரித்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்ததும் நான்தான். டீச்சர் அதைக் குழுவில் போட்டுப் பாராட்டினார். இனி என் பெயர் போவது உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

பையை நிறுக்க வீட்டில் தராசு இல்லை. வேலை முடிந்த பிறகு கணவரோடு கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குக் கொண்டு போனோம். கொக்கியில் மாட்டியதும் எண் ஏறியது. நானும் அவரும் ஒரே நேரத்தில் 'ஆ!' என்று சந்தோஷப்பட்டோம். மகள் எங்களைப் பார்த்தாள்.

"மா, கூடிருச்சுமா. கூடக்கூடாது."

என்ன செய்வது, அந்தக் கொக்கியில் எண் ஏறினால் சிரிக்கத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் பழகியிருக்கிறோம். வீட்டுக்கு வந்து இன்னொரு சோடி காலுறையையும் சீப்பையும் எடுத்து வெளியே வைத்தேன்.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் பையை எடுத்து மாட்டினேன். இடுப்பில் ஒரு பட்டை இருந்தது. அதை இழுத்துக் கட்டியதும் தோளில் இருந்த கனம் அப்படியே இறங்கி இடுப்பில் உட்கார்ந்துகொண்டது. தோளில் ஒன்றுமே இல்லை. வீட்டுக்குள் இப்படியும் அப்படியும் நடந்தேன். ஒரு பட்டை. இவ்வளவுதான். துணியில் ஒரு முழம் வெட்டி எங்கள் கூடையில் தைத்திருந்தால் என் அம்மா ராத்திரியெல்லாம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க மாட்டார். அப்படிச் செய்யலாம் என்று எந்தத் தோட்டத் துரைக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அந்தப் பட்டையை அவிழ்க்க எனக்கு மனமே வரவில்லை.

பிறகு தூக்கப்பையை விரித்து உள்ளே புகுந்து கழுத்துவரை ஜிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டேன். கூடத்துத் தரையில், பட்டப்பகலில். கண்ணை மூடினால் மலை உச்சி. கணவர் சாப்பிட வந்து அப்படியே வாசலில் நின்றுவிட்டார்.

"என்னாடி இது, பார்சல் எங்க போவுது?"

"அளவு பாக்குறேங்க."

"புள்ள அளவுக்கு நீ எதுக்குடி உள்ள போன?"

ஜிப்பைத் திறந்து வெளியே வந்து சோறு போடப் போனேன். போக ஆசையாக இருக்கிறது என்று அவரிடம்கூடச் சொல்ல வரவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் டீச்சர் குழுவில் நன்றி போட்டிருந்தார். துணைக்கு வருவது என் நாத்தனார். கணவரின் தங்கை, தானா ராத்தா டவுனில் ஒரு கிளினிக்கில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் கலர் கலராகச் சப்பாத்து மாட்டிக்கொண்டு ஓடுகிறவள். பெயரைக் கொடுத்தது என் மகள். அத்தையைப் போனில் கேட்டு, அவள் சரி சொல்லி, எல்லாம் முடிந்து ஒரு வாரமாகிவிட்டதாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஒரு வாரமாக நான் சோப்பு அறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு போட்டேனா என்றே தெரியவில்லை, யாரும் கேட்கவும் துணியவில்லை.

காலையில் வேன் லயத்துக்குக் கீழே ரோட்டில் வந்து நின்றது. நாத்தனார் முன் சீட்டில் இருந்து கையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு நான் படியில் இறங்கினேன், மகள் பக்கத்தில் வந்தாள். பாதிப் படியில் என்னால் அடக்க முடியவில்லை.

"அத்தைய கேட்டியே, என்னைய கேக்கணும்னு தோணலயா?"

அவள் நின்றுவிட்டாள். "உங்களுக்கு வரணும்னு ஆசையாமா?"

"ஆசை என்னா ஆசை. கேட்டியா இல்லியா?"

"மொதல்ல உங்க பேரத்தான்மா எழுதுனேன். அப்புறம் அடிச்சிட்டேன்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்கவங்க பேக்க அவங்கவங்கதான் தூக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. நீங்க வந்தா கொஞ்ச தூரத்துலயே என்னோடத வாங்கிப்பீங்க. அப்புறம் யாரு அழுதாலும் அவங்களோடதையும் வாங்கிப்பீங்க. மேல போய் சமைப்பீங்க. நீங்க மலை ஏற வரமாட்டீங்கமா, தூக்கதான் வருவீங்க."

அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள், என் தோளில் இருந்த பையை வாங்குவதற்கு.

கொடுத்தேன். அவள் மாட்டினாள், இடுப்புப் பட்டையைத் தானே இழுத்துக் கட்டினாள், மிச்சப் படிகளை இறங்கிப் போனாள். இரண்டு கையும் சும்மா ஆடிக்கொண்டு போயின. பெருமையாக இருந்தது என்று எழுதினால் நல்ல தாய் என்பார்கள். பொறாமையாகத்தான் இருந்தது. வேன் கிளம்பிய பிறகும் நான் அந்தப் படியிலேயே நின்றேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.