கோனின் மேல்சுற்று

நூலை மூக்கருகே கொண்டுபோனால் போதும், அது எந்தச் செடியில் வெடித்த பஞ்சு என்று சொல்லிவிடுவாள். சரி, செடி என்பது கொஞ்சம் ஓவர்தான். பருத்தியா பாலியஸ்டரா என்று சொல்லுவாள். அதுவும் கையில் தீப்பெட்டி இருந்தால்.

கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக நூல் சோதிக்கிற வேலை. இழையைக் கொளுத்துவாள். காகிதம் கருகிய வாடை வந்து, சாம்பல் ஊதினால் பறந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மிளகாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். அவள் கையெழுத்து விழாமல் நூல் சுற்றிய ஒரு கோன்கூடத் துணி பின்னும் மிஷினில் ஏறாது.

அன்று வந்த நூல் லோடு, நூல்மில் நடத்தும் தங்கை வீட்டுக்காரருடையது. நுனியைக் கொளுத்தினாள், சுத்தப் பருத்தி. வேறு யார் லோடானாலும் ஒரு கோனை நடுவரை உருவிப் பார்ப்பாள். சொந்தக்காரராச்சே என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சாப்பிட்டு வந்து, மிஷினில் தொங்கிய துணியைத் தடவினால் சொரசொரவென்றது. கோனிலிருந்து ஒரு முழம் இழுத்து முறுக்கைப் பிரித்தாள். மில்லில் சீப்பால் வாரிய நல்ல பஞ்சென்றால் இழை நீளநீளமாக வரும். இது தவிடாக உதிர்ந்தது. நீலப் பிசிறு, விதைத்தோல், நடுவே யாருடையதோ நரைமுடி! வாயில் ஊறியதை விழுங்க மனம் வராமல் வாசலுக்கு ஓடித் துப்பினாள். பழந்துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, மில் தரையில் கூட்டியதையும் சேர்த்து, அறாமலிருக்கப் பாலியஸ்டர் கலந்து திரித்த நூல். தரை துடைக்கிற மாப்புக்கு அது ராஜா. பிறந்த குழந்தை உடம்புக்கு? மேலே மட்டும் நல்ல நூலைச் சுற்றி அனுப்பியிருந்தார் மனுஷன்.

போனைப் போட்டாள். "என்ன மாப்ளே, ஊரார் கட்டிக் கழிச்ச கந்தலுக்கெல்லாம் என் தலைதான் கிடைச்சுதா?"

"ரெண்டு சலவை போட்டா யாருக்குக்கா தெரியும்? கையெழுத்து உங்களுது. வாயத் திறந்தா வேலை போறதும் உங்களுக்குத்தான்."

அவர் சொன்னது சரிதான். போனை வைத்தாள். நேரே முதலாளியம்மாவிடம் போனாள்.

"மேல்சுற்ற மட்டும் பாத்துக் கையெழுத்துப் போட்டேம்மா. தப்பு என்னுது. முதல்ல நூலத் திருப்பி அனுப்புங்க, அப்புறம் என்னை அனுப்புறதப் பத்திப் பேசலாம்."

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"ஒரே துணி ரோல். அத நானே குறுக்க வெட்டிப் போட்டுட்டேன். ஒரு குழந்தை மேலயும் படாது."

பின்னாலேயே வந்து நின்ற மிஷின்காரர் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு இல்லக்கா, மூணு. நீங்க சாப்பிடப் போனப்பவே ரெண்டு இறங்கி, சட்டை வெட்டுற ரூமுக்குப் போயிடுச்சு."