ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்த ரத்தம்

என் மகளுக்குப் பத்து வயது. டான்சில் ஆபரேஷனுக்கு முன் ரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதிக்கச் சொன்னார் டாக்டர். சைனிக்புரியில் அவரது கிளினிக்கிலேயே ரத்தம் எடுத்து, "உடனே லேபுல கொடுத்துடுங்க" என்று என்னிடம் தந்தார்கள். நானோ அவசர வேலை என்று உப்பலில் உள்ள என் ஆபீசுக்குப் போய்விட்டேன். மே மாத வெயிலில் நான்கு மணி நேரம் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்த பிறகுதான் அந்த ரத்தம் லேபுக்குப் போனது.

மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

"ரத்தம் உறைய ரொம்ப நேரம் ஆகுதும்மா. ஆபரேஷன் பண்ணா நிக்காமலே போகலாம். குடும்பத்துல யாருக்காவது இது உண்டா?"

"நாகு ஏமைந்தி அம்மா?" தனக்கு என்ன ஆயிற்று என்று மகள் தெலுங்கில் கேட்டாள்.

"சாம்பிளை எப்போ கொடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டதும், அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"சூட்டுல கிடந்தா ரத்தத்தை உறைய வைக்கிற சத்து கெட்டுடும். குழந்தையை நேரா லேபுக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அங்கே மறுபடியும் ஊசி குத்தினார்கள். இந்த முறை ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

இப்போதெல்லாம் வீட்டில் யாருக்குப் பரிசோதனை என்றாலும் ரத்தத்தை நான் வாங்கிக்கொண்டு போவதில்லை. ஆளையே லேபுக்கு அழைத்துப் போகிறேன்.