அவளிடம் இல்லாத தந்தி

தொண்ணூறுகளின் நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம், வாரத்துக்கு இரண்டு தடவை என் வயலினின் நாலு தந்திகளையும் கழற்றி வேறு தந்திகள் மாட்டிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை மாட்டுவது ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த தந்தி. வெள்ளிக்கிழமை மாட்டுவது ஸ்டீல். ஸ்டீல், கல்யாணங்களில் சினிமாப் பாட்டு வாசிக்கும் மெல்லிசைக் குழுவுக்கு. குடல், கோயமுத்தூரில் ஒரு சர்ச் ஹாலில் கூடிய பதினோரு பேருக்கு. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவளை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது.

அந்த ஹாலில் எங்களைச் சேர்த்தவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஜெர்மனியில் ரொம்ப வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசையை அந்தக் காலத்தில் எப்படி வாசித்தார்களோ அப்படியே வாசிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். சுருதி அரை ஸ்வரம் கீழே. தந்தி குடலில்தான். "அந்தக் காலத்துல ஸ்டீல் ஏதுங்க?" என்பார். குடல் தந்தி கோயமுத்தூர்க் கடைகளில் கிடைக்காது. அவரே தருவித்து, ஆளுக்கு ஒரு செட்டும், நாலில் மெல்லியதும் சீக்கிரம் அறுவதுமான ஈ தந்தி உபரியாக ஒன்றும் கொடுத்திருந்தார்.

எனக்கு ஒரே ஒரு வயலின். அப்பாவுக்கு மதுக்கரையில் சிமெண்ட் பாக்டரி வேலை. சர்ச் பாட்டுக் குழுவில் கற்றுக்கொண்ட நான், படிப்பு முடிந்ததும் மெல்லிசைக் குழுவில் சேர்ந்திருந்தேன். தந்தி மாற்றுவது அவசர வேலை இல்லை. ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி முறுக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். நாலையும் ஒன்றாகக் கழற்றினால் தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜ் சாய்ந்துவிடும், உள்ளே நிற்கிற சின்னக் குச்சியும் விழுந்துவிடும். அதைவிடத் தொல்லை, குடல் தந்தி மாட்டியதும் அடங்காது. நீண்டுகொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். வியர்வை பட்டாலும் மழை வந்தாலும் அதற்கு ஒரு கோபம்.

அவளுக்கு இரண்டு வயலின். ஒன்றில் எப்போதும் குடல், ஒன்றில் எப்போதும் ஸ்டீல். கிணத்துக்கடவுக்காரி. அவர்களுடைய தென்னந்தோப்பு பொள்ளாச்சி ரோட்டிலிருந்து பார்த்தால் முடிவே தெரியாது. நான் மூலையில் உட்கார்ந்து முடுக்கியைத் திருகிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பாள்.

"ஏனுங்க அம்மிணி, இன்னொண்ணு வாங்கிக்கக் கூடாதுங்களா? பாவம், பொழுதன்னிக்கும் கழட்டறதும் மாட்டறதுமா இருக்கறீங்க."

எங்கள் ஊர் மரியாதையில் இருக்கிற விஷம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன சொல்வது?

முதல் மூன்று மாதம் அவ்வளவுதான். பிறகு சார் இடம் மாற்றினார். இசைத்தாள் வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. சபையைப் பார்த்த பக்கம் நன்றாக வாசிப்பவர் உட்கார வேண்டும், உள்பக்கம் இருப்பவர் தாளைத் திருப்ப வேண்டும். முதல் ஸ்டாண்டில் சார் என்னை வெளிப்பக்கமும் அவளை உள்பக்கமும் உட்கார வைத்தார். அவள் சிரித்துக்கொண்டேதான் இடம் மாறினாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

அந்த மாதமே அவளுடைய வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. அவளுடைய அம்மா எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"எந்தூருங்க கண்ணு?"

"மதுக்கரைங்க. அம்மாவுக்கு இந்தப் பக்கந்தானுங்க." ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, நம்மூருக்குப் பக்கம். எந்த வீதிங்க? ஆரூட்டுப் புள்ளைங்க?"

சொன்னேன். என் அம்மாவின் வீட்டார் இரண்டு தலைமுறையாக அந்தப் பக்கத்துத் தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. "அப்படிங்களா" என்று சிரித்தபடி, தட்டில் மீதியிருந்த டம்ளரோடு அவர் உள்ளே போனார். எனக்குக் காபி கண்ணாடி கிளாஸில் வந்தது. அந்தக் கூடத்தில் வேறு யார் கையிலும் கண்ணாடி கிளாஸ் இல்லை. அவள் அதைப் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். பிறகு தன் டம்ளரை நிதானமாக ஆற்றிக் குடித்தாள். நான் குடிக்கவில்லை.

எங்கள் முதல் கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. வியாழக்கிழமைக்குள் குடல் தந்தியை மாட்டியிருக்க வேண்டும், அப்புறம் யாரும் தொடக்கூடாது என்று சார் சொல்லியிருந்தார். ஆனால் அதே ஞாயிறு காலை கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டுக் கல்யாணம். மெல்லிசைக் குழுவின் தலைவர் விடமாட்டேன் என்றுவிட்டார். குடல் தந்தியோடேயே போனேன். முதல் பாட்டிலேயே தலைவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மிணி, கொசு கத்தற மாதிரி கேக்குது? சுருதியும் கீழ நிக்குது. கீபோர்டுக்கு ஏத்து."

ஏற்றினேன். நாலாவது பாட்டில் ஈ தந்தி படீரென்று அறுந்து என் கன்னத்தில் அடித்தது. தலைவர் மைக்கைக் கையால் மூடக்கூட இல்லை. "கசாப்புக் கடையில வாங்குன தந்திய எல்லாம் மேடைக்குக் கொண்டாந்தா இப்படித்தான்" என்றார். பந்தலே சிரித்தது. மீதிப் பாட்டுகளை மூன்று தந்தியில் ஒப்பேற்றிவிட்டுப் பஸ் ஏறினேன்.

என்னுடைய உபரித் தந்தி போன மாதமே போய்விட்டது. சாரிடம் கேட்டால் ஏன் அறுந்தது என்று கேட்பார், கல்யாணத்தில் வாசித்தது தெரிந்துவிடும். ஹாலுக்குப் போனபோது மணி ஐந்து. அவள் இருந்தாள், இன்னும் நாலு பேர் இருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவளிடம் போனேன்.

"ஒரு ஈ தந்தி இருந்தா குடுங்க. அடுத்த செட் வந்ததும் திருப்பிக் குடுத்தர்றேன்."

"அடடா, இல்லீங்களே. இருந்தாக் குடுக்க மாட்டனுங்களா?" நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இருந்த ஒண்ணும் போன வாரந்தான் தீந்துபோச்சுங்க."

அவளுடைய பெட்டி திறந்தே கிடந்தது. சார் கொடுத்த காகித உறை, மேலே அவர் கையெழுத்தில் ஈ என்று எழுதியது, வில்லில் தேய்க்கிற ரோசினுக்குப் பக்கத்தில் பிரிக்காமல் இருந்தது. நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

சேலை மடிப்பைச் சரிசெய்ய அவள் பக்கத்து அறைக்குப் போனாள். நான் அந்த உறையை எடுத்துக்கொண்டேன். யோசிக்கவெல்லாம் இல்லை. மாட்டி, கட்டைவிரலால் இழுத்து இழுத்து நீட்டி, சுருதி சேர்த்து முடித்தபோது அவள் திரும்பி வந்தாள். பழைய தந்திகள் வியர்வை குடித்துப் பழுப்பேறியிருக்கும். புதியது மட்டும் வெளுப்பாகப் பல்லைக் காட்டியது. அவள் தன் பெட்டியைப் பார்த்தாள், என் வயலினைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அந்த நாலு பேரும் அங்கேயே நின்றார்கள். இல்லாத தந்தியை எடுத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள்.

கச்சேரி முழுக்க அந்தத் தந்தி இறங்கிக்கொண்டே இருந்தது. விரலைக் கொஞ்சம் மேலே தள்ளித் தள்ளி வைத்துச் சமாளித்தேன். தாளைத் திருப்புவதில் அவள் பழி தீர்த்துக்கொண்டாள். வேண்டுமென்றே இரண்டு வரி தாமதமாகத் திருப்பினாள். எனக்கு எல்லாம் மனப்பாடம் என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது உருப்படியில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அவளே நின்றுபோனாள். வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாளைத் தேடினாள். தலையசைத்து இடத்தைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. இன்னும் சத்தமாக வாசித்தேன். சாரின் கண் அவள் மேலேயே இருந்தது.

முடிந்ததும் சார் நேராக எங்களிடம் வந்தார். "உங்க ஈ தந்தி இறங்கிட்டே இருந்துச்சு. எப்ப மாத்துனீங்க?"

"இன்னைக்குத்தானுங்க சார். அறுந்துபோச்சு."

"உங்ககிட்டத்தான் உபரி இல்லையே. ஏது?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுடி பார்க்கலாம் என்கிற பார்வை.

"இவங்கதானுங்க குடுத்தாங்க."

சார் அவள் பக்கம் திரும்பி, "நல்ல மனசுங்க உங்களுக்கு. இந்த ஸ்டாண்டு இப்படியே இருக்கட்டும்" என்றார். "பரவாயில்லீங்க சார்" என்று சிரித்தாள். சிரித்துத்தான் ஆகவேண்டும்.

எல்லோரும் வண்டிகளுக்குப் போன பிறகு, செருப்பு விட்டிருந்த இடத்தில் என்னை மறித்தாள். அன்றுதான் முதல் தடவையாக அவள் பேச்சில் 'ங்க' இல்லை.

"எங்க தோப்புல தேங்கா பொறுக்குனவ புத்தி எங்க போகும்?"

"எங்கயும் போகாது" என்றேன். "அவங்க பொறுக்குன தேங்காயிலதான் உன்ற ரெண்டு வயலினும் வந்துச்சு."

அவள் கை ஓங்கவில்லை. நான் எதிர்பார்த்தேன், ஓங்கினால் திருப்பி அடிக்கத் தயாராக இருந்தேன். வெளியே கார் ஹாரன் அடித்தது, போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேசியதைச் சொன்னபோது அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார். உறையை எடுத்ததைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. "திருப்பிக் குடுத்துரு சாமி. நாம எடுத்ததா இருக்கக் கூடாது" என்றார். புதிய செட் வந்ததும் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். செட் வந்தது. கொடுக்கவில்லை. அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் இப்போதும் உறுத்துகிறது, திருட்டு இல்லை.

அவள் வேறு ஸ்டாண்டு கேட்டாளாம். சார் மாற்றவில்லை. இன்னும் எட்டு மாதம் முழங்கை உரசுகிற தூரத்தில் உட்கார்ந்து, ஒரே தாளைப் பார்த்து வாசித்தோம். பேச்சு கிடையாது. பக்கத்தை மட்டும் சரியான நேரத்துக்குத் திருப்பினாள், கச்சேரியில் பட்ட அவமானம் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கடைசி ஒத்திகை அன்று சாரிடமும் மற்ற ஒன்பது பேரிடமும் தனித்தனியாகப் போய், "போயிட்டு வாரனுங்க" என்று சொல்லிப் பத்திரிகை கொடுத்தாள். என்னிடம் வரவில்லை. நான் தலை நிமிராமல் வயலினிலிருந்து ரோசின் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தை நானே திருப்பிக்கொண்டேன்.